ஸ்டீராய்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்தலாமா?

கேள்வி: மூட்டுவாதத்துக்காக எட்டு மாதமாகத் தினமும் 10 மில்லிகிராம் பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறேன். இப்போது வலி இல்லை, ஆனால் முகம் உப்பிவிட்டது. நாளையோடு நிறுத்திவிடலாம் என்று பார்த்தால், "அட்ரினல் தூங்கிப் போயிருக்கும், மெதுவாகத்தான் குறைக்கணும்" என்கிறார் டாக்டர். மூட்டு மாத்திரைக்கும் அந்தச் சுரப்பிக்கும் என்ன சம்பந்தம்?

பதில்: தயவுசெய்து நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முகம் உப்பியிருப்பது எவ்வளவு சங்கடம் என்று புரிகிறது. மருந்து குறையக் குறைய அது வடிந்துவிடும். ஆனால் உங்கள் டாக்டர் சொன்னது முற்றிலும் சரி.

ஒவ்வொரு சிறுநீரகத்தின் மேலும் குல்லா கவிழ்த்ததுபோல் ஓர் அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. எடை நாலைந்து கிராம்தான். குறுக்கே வெட்டினால் வெளிப்பக்கம் பளிச்சென்ற மஞ்சள், நடுவே கருஞ்சிவப்பு. பயந்தால் நெஞ்சு படபடக்கிறதே, அதற்குக் காரணமான 'அட்ரினலின்' என்ற ஹார்மோன் அந்த நடுப்பகுதியில் சுரக்கிறது. உங்கள் பிரச்சினை அந்த மஞ்சள் பகுதியில். கார்ட்டிசால் அங்கேதான் உருவாகிறது.

ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அதிகமாக இறங்கிவிடாமல் தாங்கிப் பிடிப்பது கார்ட்டிசால். காய்ச்சல், அடிபடுதல், அறுவை சிகிச்சை என்று உடம்பு திண்டாடும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு சுரக்கும். எவ்வளவு சுரக்க வேண்டும் என்று உத்தரவு போடுவது மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி. பிரெட்னிசோலோனும் கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் மருந்து. ரத்தத்தில் அது இருக்கும்வரை, "போதுமான அளவு இருக்கிறது" என்று பிட்யூட்டரி சும்மா இருந்துவிடும். மாதக்கணக்கில் உத்தரவே வராவிட்டால் அந்த மஞ்சள் பகுதி மெலிந்துபோகும். திரும்பத் தேறச் சில வாரங்கள் ஆகலாம், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம்.

இந்த நிலையில் மாத்திரையை நிறுத்தினால், மருந்தும் இல்லை, சொந்தச் சுரப்பும் இல்லை. காலையில் எழுந்து நின்றதும் கண் இருட்டி, சுவரைப் பிடித்துக்கொள்ள வேண்டி வரும். குமட்டல், பசியின்மை, கை கால் அசந்துபோகும் சோர்வு எல்லாம் சேரும். அந்தச் சமயத்தில் ஒரு கடும் காய்ச்சல் வந்தால் உயிருக்கே ஆபத்து.

சரி, எப்படிக் குறைப்பது? நாளொன்றுக்கு உடம்பு தானாகச் சுரக்கும் கார்ட்டிசால், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரெட்னிசோலோனுக்குச் சமம். அந்த அளவுவரை ஓரளவு வேகமாக இறங்கலாம். அதற்குக் கீழேதான் பொறுமை வேண்டும். பெரும்பாலும் மாதம் 1 மில்லிகிராம் என்ற கணக்கில் குறைப்போம். தேவைப்பட்டால் காலை எட்டு, ஒன்பது மணிவாக்கில் ரத்தம் எடுத்து, கார்ட்டிசால் தானாக ஏறுகிறதா என்று பார்ப்போம். சோதனைக்கு முன் மாத்திரையை எத்தனை மணி நேரம் தள்ளிப்போட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறைக்கும்போது மூட்டு மறுபடி வலித்தால் அது பழைய நோயாகவும் இருக்கலாம், மருந்து குறைவதால் வரும் வலியாகவும் இருக்கலாம். நீங்களே முடிவு கட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான் ரொம்பவும் வலியுறுத்துவது இதைத்தான். குறைக்கும் காலத்திலும், நிறுத்தி ஒரு வருடம்வரையிலும், காய்ச்சல் வந்தாலோ அறுவை சிகிச்சை என்றாலோ, பல் பிடுங்கப் போனாலும்கூட, "நான் ஸ்டீராய்டு சாப்பிட்டவன்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். தற்காலிகமாக அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் வீட்டில் காத்திருக்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி தேவைப்படும். பேச முடியாத நிலையிலும் மற்றவர்களுக்குத் தெரியும்படி, மருந்தின் பெயரையும் அளவையும் ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருங்கள்.