க்ரீன் டேயின் ‘நிம்ராட்’ ஆல்பத்தில் ‘குட் ரிடன்ஸ்’ இருக்கலாமா?

க்ரீன் டே அமெரிக்க பங்க் ராக் இசைக்குழு; வேகமும் முரட்டுத்தனமும் பூச்சில்லாத கத்தலும்தான் பங்க். அவர்கள் ஆல்பத்தில் இந்த மென்மையான பாட்டு இருக்கலாம் என்பது என் கட்சி. சேலத்தில் எங்கள் கூட்டத்தில் இதைக் கிளப்பினால் தட்டுவடை செட் தீர்ந்தும் வாக்குவாதம் தீராது.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. 1997-இல் வந்த ஆல்பம், 18 பாட்டு. பதினேழாவதாக வரும் இதில் டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. அக்கூஸ்டிக் கிட்டாரும் பின்னால் வயலின் வகையறாவும்தான். “காசு பார்க்க ஆரம்பிச்சுட்டாங்க மச்சி” என்பார்கள். ஆனால் கணக்கு உதைக்கிறது. இவர்களின் ‘டூக்கி’ ஆல்பம் வந்து பேர் கிடைத்தது 1994-இல். பாடகர் பில்லி ஜோ இதை எழுதியது அதற்கும் முன்னால். அந்த ஆல்பத்தோடு ஒட்டாது என்று ஒதுக்கி வைத்திருந்த பாட்டு இது.

தொடக்கத்தைக் கவனித்துக் கேளுங்கள். கிட்டாரில் கை தடுமாறும், கெட்ட வார்த்தை ஒன்று முணுமுணுப்பாக விழும், பிறகுதான் பாட்டு. அதை வெட்டாமல் விட்டதே பங்க்தான் என்பேன். பிரிந்துபோன காதலி மேல் கடுப்பில் பிறந்த பாட்டு வேறு. ஏற்காட்டில் ஃபேர்வெல் என்றால் கேம்ப் ஃபயரைச் சுற்றிக் கண்ணீரோடு பாடுகிறார்கள்! பாடட்டும், கிட்டாரில் நாலு கார்டு (chord) தெரிந்தால் யாரும் வாசிக்கலாமே.

ஆல்பமே மென்மையாகிவிட்டது என்பவர்கள் அதிலேயே உள்ள ‘டேக் பேக்’ கேட்கவும். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல், தொண்டை கிழிய ஒரே கத்தல்.