கடையில் உப்பு எவ்வளவு என்று கேட்டீர்களா?

கேள்வி: கொளத்தூரில் கடல்மீன் தொட்டிக்கு இரண்டு கிளவுன் மீன் வாங்கினேன். கடைக்காரர் சொன்னபடி பையைக் கால் மணி நேரம் தொட்டியில் மிதக்கவிட்டு, பிறகு மீனை விட்டேன். மறுநாள் காலையில் இரண்டும் செத்துக் கிடந்தன. என் தொட்டியில் உப்பு சரியாக 1.025 (நல்ல தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி எண்). மீன் கழிவில் சேரும் அம்மோனியாவும் இல்லை. “உங்க தண்ணிதான் சரியில்ல” என்கிறார். தவறு யாருடையது? (வாசகர், பெரம்பூர்)

பதில்: கடைக்காரர் மேல்தான் எனக்குக் கோபம். பையை மிதக்கவிட்டால் சூடு மட்டும்தான் சமமாகும், உப்பு சமமாகாது. பல கடைகளில் தொட்டியை 1.018, 1.019 என்று குறைத்தே வைத்திருப்பார்கள். உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணித் தொல்லையும் ஓரளவு அடங்கும். அப்படி வைப்பதில் தப்பில்லை. வாங்குகிறவரிடம் அதைச் சொல்லாமல் பையைக் கட்டிக் கொடுப்பதுதான் தப்பு. பல வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கடல்மீனின் உடம்பில் இருக்கும் உப்பு, சுற்றியுள்ள நீரில் இருப்பதைவிடக் குறைவு. அதனால் உடம்பு நீரை இழந்துகொண்டே இருக்கும். மீன் கடல்நீரைக் குடித்து அதை ஈடுகட்டும். குறைந்த உப்பில் பழகிய மீனைச் சட்டென்று 1.025-இல் விட்டால் அந்த ஈடுகட்டல் பிந்திவிடும், உடம்பு வற்றிவிடும். உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும். கூடுவதைத் தாங்காது. இரண்டும் ஒரே இரவில் போயிருப்பதால் என் சந்தேகம் உப்பின் மேல்தான்.

அடுத்த முறை காசு கொடுக்கும் முன் மூன்று விஷயம் கேளுங்கள். கடைத் தொட்டியில் உப்பு எவ்வளவு? மீன் வந்து எத்தனை நாள் ஆயிற்று? என் கண் முன்னே சாப்பிடுமா? முதல் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாத கடையில் மீன் வாங்காதீர்கள்.

வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் சொட்டு முறை போதும். மீனைப் பை நீரோடு வாளியில் விட்டு, ஏர் பம்ப் ட்யூபில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டி நீரை விநாடிக்கு இரண்டு மூன்று சொட்டாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் இறக்குங்கள். அப்புறம் வலையில் எடுத்து மீனை மட்டும் விடுங்கள். அந்த வாளி நீர் ஒரு சொட்டுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது. வித்தியாசம் அதிகம் என்றால் தனித்தொட்டியில் கடையின் உப்பளவையே வைத்து, நாளுக்கு 0.001 அல்லது 0.002 என்று ஏற்றுங்கள். புது மீன் எப்படியும் நாலு முதல் ஆறு வாரம் தனித்தொட்டியில் இருக்க வேண்டியதுதான்.

கேள்வி: மெரினாவில் குடத்தில் கடல்நீர் எடுத்து வந்து ஊற்றலாமா? (வாசகி, திருவல்லிக்கேணி)

பதில்: வேண்டாம். கூவம் கலக்கும் கரை அது.

கேள்வி: நேற்றுதான் தொட்டி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மகன் பிறந்தநாள். அதற்குள் ப்ளூ டாங் மீன் விட வேண்டும். எப்படிப் பழக்குவது? (வாசகர், வேளச்சேரி)

பதில்: பழக்க முடியாது. அம்மோனியாவை உடைக்கும் நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் விடும் மீன் தன் கழிவிலேயே வெந்துபோகும். பிறந்தநாளன்று பையன் கண் முன்னே மீன் சாக வேண்டுமா? வேறு பரிசு வாங்குங்கள்.

கேள்வி: உப்பை அளக்க ஹைட்ரோமீட்டர் போதுமா, ரிஃப்ராக்டோமீட்டர்தான் வேண்டுமா? (வாசகர், அம்பத்தூர்)

பதில்: ரிஃப்ராக்டோமீட்டர். நான் முதலில் வாங்கியது முள் அசையும் பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர். முள்ளில் ஒரு குமிழி ஒட்டினாலே அளவு கூட்டிக் காட்டும். அதை நம்பி ஒரு பவுடர் ப்ளூ டாங்கை இழந்தேன். இன்றும் அதை நினைத்தால் வருத்தம்தான். ரிஃப்ராக்டோமீட்டரையும் 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு உப்பு) திரவத்தில் அவ்வப்போது சரிபாருங்கள்.

கேள்வி: வெளியூர்க் கடையிலிருந்து பார்சலில் மீன் வரவழைத்தேன். 30 மணி நேரப் பயணம். உயிரோடுதான் வந்தது. வீடியோவில் சொன்னபடி இரண்டு மணி நேரம் சொட்டு முறையில் பழக்கினேன். வாளியிலேயே செத்துவிட்டது. பில்லும் தரவில்லை, பணமும் தர மறுக்கிறார்கள். (வாசகி, தாம்பரம்)

பதில்: உங்கள் மேல் தவறே இல்லை, அம்மா. நீண்ட பயணத்தில் பைக்குள் கரியமில வாயு சேர்ந்து நீரின் பிஹெச் (அமில-கார அளவு) இறங்கிவிடும். அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியா அவ்வளவாக விஷமாகாது. பையைத் திறந்ததும் வாயு வெளியேறி, பிஹெச் ஏறி, அதே அம்மோனியா விஷமாகிவிடும். அந்த நீரில் இரண்டு மணி நேரம் வைத்தால் மீன் எப்படிப் பிழைக்கும்? இப்படி வரும் மீனுக்கு விற்பவரிடம் உப்பளவை முன்பே கேட்டு, தனித்தொட்டியை அதற்குச் சமமாக வைத்துவிட வேண்டும். பையைத் திறக்காமல் கால் மணி மிதக்கவிட்டு, திறந்த உடனே மீனை எடுத்து விட வேண்டும். விற்றவர்கள் இதை ஒரு சீட்டில் எழுதிப் போட்டிருக்கலாம்.

பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நியாயமற்ற வணிக முறை. பணம் கட்டிய விவரம், பார்சல் ரசீது, பேசிய செய்திகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள்.

கேள்வி: ஒரு கடையில் உயிருள்ள பவளம் மலிவாகத் தருகிறேன் என்கிறார்கள். உள்ளூரில் எடுத்ததாம். வாங்கலாமா? (வாசகர், ராயபுரம்)

பதில்: கூடாது. நம் கடலில் பாறை கட்டும் பவளங்கள் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கடல்குதிரையும் அப்படித்தான். அந்தக் கடையில் மீன்கூட வாங்காதீர்கள்.