கையூன்றி நிற்கையில் கால்கள் முதுகுப்பக்கம் சரிவது குறித்து

கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்கையில், சுவரை விட்டதும் கால்கள் முதுகுப்பக்கம் சரிந்து விழுவதாக எழுதிக் கேட்டிருந்தீர்கள். கால்கள் முதுகுப்பக்கம் சாயத் தொடங்கும் கணத்திலேயே விரல் நுனிகளால் தரையை அழுத்துங்கள்; எழும்பிய பக்கமே திரும்பி விழப் பார்த்தால், பாரத்தை உள்ளங்கையின் அடிப்பகுதிக்கு மாற்றுங்கள்.

சுவரோடு ஒரு நிமிடம் நிற்கும் நீங்கள் சுவரை விட்டதும் இரண்டு செக்கனில் விழுவதற்கு, முதுகைச் சுவருக்குக் காட்டிப் பழகியதே காரணமாக இருக்கலாம், ஏனெனில் குதிகால் சுவரில் சாய்ந்திருக்கும்வரை இடுப்பு வளைந்தே இருக்கும், விரல்களும் தம் வேலையைக் கற்பதில்லை. வயிறு சுவரைப் பார்க்குமாறு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கைகளை ஊன்றி ஏறுங்கள். பிறகு ஒரு பாதத்தையும், அது பழகியதும் மற்றதையும் சுவரிலிருந்து மெல்ல விலக்குங்கள். நகங்கள் வெளுக்குமளவு விரல்கள் அழுந்தினால் சரியாகச் செய்கிறீர்கள்.

இலங்கையின் மலையகத்தில், ஹட்டனில், லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் பழகுவதாகவும் எழுதியிருந்தீர்கள். மலைச்சரிவில் அத்தகைய வாசல்கள் பெரும்பாலும் மழைநீர் வடியச் சற்றே சரிந்திருக்கும். வெற்றுப் போத்தலொன்றைப் படுக்கவைத்துப் பாருங்கள். உருண்டால் வேறிடம் தேடுங்கள். பனியில் நனைந்த சீமெந்துத் தரையிலும் வேண்டாம், கை வழுக்கிவிடும்.

மணிக்கட்டு வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். உயர் இரத்த அழுத்தமோ கண் அழுத்த நோயோ இருந்தால், மருத்துவரைக் கேட்காமல் தலைகீழாக நிற்கவே கூடாது.