கண்ணாடி இல்லாத ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென் அமெரிக்காவின் பழைய இன்கா பேரரசில் நடக்கும் உங்கள் குறுநாவலைப் படித்தேன். முகத்தில் வடுவோடு, ஊரில் யாரும் சேர்க்காமல் வளரும் அந்தப் பெண் கடைசியில் தன் முகத்தைத் தானே ஏற்றுக்கொள்வாள் என்று காத்திருந்தேன். நீங்களோ அவளை உருளைக்கிழங்கு மிதிக்க அனுப்பிவிட்டுக் கதையை முடித்துவிட்டீர்கள். ஏமாற்றமாக இருந்தது. எனக்கும் கன்னத்தில் தீக்காயத் தழும்பு உண்டு, அதனால் கேட்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

முதலில் என் தப்பு ஒன்று. அந்த வடு எப்படி வந்தது என்பதைக் கதையில் ஒரே வரியில் தாண்டிவிட்டேன். அது ஊட்டா. பெருவின் மேற்கு மலைச்சரிவுப் பள்ளத்தாக்குகளில் மணல் ஈ கடித்து வரும் புண். பெரும்பாலும் சின்ன வயதில், முகத்தில் வரும். ஆறினாலும் தழும்பு நிற்கும். இன்காக்களுக்கு முந்தைய மோச்சே மக்களின் மண்பாண்டங்களில் மூக்கும் உதடும் அரித்துப்போன முகங்கள் இருக்கின்றன. அது இந்த நோய்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தப் பள்ளத்தாக்கிலேயே இருந்திருந்தால் அவளை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் இன்கா அரசு குடும்பங்களை, சில சமயம் ஊரையே, பெயர்த்துத் தொலைவில் குடியேற்றும். அப்படிப் போனவர்களுக்கு மித்மக் என்று பேர். இவளும் அப்படித்தான் குளிர்ந்த மேட்டுநிலத்துக்கு வருகிறாள். அங்கே மணல் ஈ கிடையாது, அதனால் அந்த மாதிரி முகமும் கிடையாது. பெற்றோரும் இறந்துபோன பிறகு அவள் வக்சா ஆகிறாள். இன்காக்களின் கெச்சுவா மொழியில் அநாதைக்கும் ஏழைக்கும் அந்த ஒரே சொல்தான். சொந்தபந்தம் இல்லையென்றால் ஏழை, அவ்வளவுதான். நிலம், தண்ணீர், உழவுக்கு ஆள் எல்லாமே அய்யு என்ற உறவுக்கூட்டத்தின் வழியாகத்தான் வரும். இன்று என் வயலுக்கு நீ வந்தால் நாளை உன் வயலுக்கு நான் வருவேன். இதற்கு அயினி என்று பேர். அவள் முகத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்களைவிட, அவளை அயினிக்குக் கூப்பிடாமல் விட்டவர்கள்தான் அவளை ஒதுக்கினார்கள்.

ஒரு காட்சியை எழுதிவிட்டு வெட்டினேன். கபகோச்சா என்ற பலிச் சடங்குக்கு உடம்பில் குறையில்லாத பிள்ளைகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஸ்பானியக் குறிப்புகள் சொல்கின்றன. 1999இல் அர்ஜென்டினா-சிலி எல்லையில் உள்ள யுயையாக்கோ எரிமலையில், 6,739 மீட்டர் உயரத்தில், உறைந்து கிடைத்த மூன்று பிள்ளைகள் அப்படிப் பலியானவர்கள்தான். பிள்ளை எடுக்க வரும் அதிகாரி இவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவதாக எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால், வடுவே உயிரைக் காத்தது என்று நானே கைதட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. எடுத்துவிட்டேன்.

சரி, கடைசிக் காட்சி. ஜூன் பனியில் இரவெல்லாம் உறைந்த கிழங்கைப் பகலில் வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிவார்கள். காய்ந்தால் சுன்யோ, வருஷக்கணக்கில் கெடாது. அடுத்த வீட்டுக் கிழவி வாசலில் வந்து, "இன்றைக்கு எங்களுக்கு மிதி" என்கிறாள். கடன் தொடங்கிவிட்டது. நாளை கிழவி வீட்டார் இவளுக்கு வந்தாக வேண்டும். ஒரு பாறையில் தனியாக உட்கார்ந்து "என்னை நான் ஏற்றுக்கொண்டேன்" என்று அவளைச் சொல்ல வைத்திருந்தால், அது நம் காலத்துப் பெண்ணாக இருந்திருக்கும்.

உங்கள் தழும்புக்கு இவளிடம் பதில் தேட வேண்டாம். அவள் வீட்டில் கண்ணாடியே இல்லை, உங்கள் வீட்டில் தினமும் அதன் முன்னால் நிற்கிறீர்கள். அந்தக் கதையை நான் எழுதவில்லை. அடுத்த பதிப்பில் ஊட்டா பற்றி இரண்டு வரி சேர்க்கிறேன்.

அன்புடன்