கட்சிக்குள் வாய்ப்பூட்டு: ரகசியக் காப்பு ஒப்பந்தங்களைத் தடை செய்ய வேண்டுமா?

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் அரசியல் கட்சிகள் தம் ஊழியர்களிடம் எழுதி வாங்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தங்களை, அதாவது வேலையில் அறிந்தவற்றை வெளியே சொல்லமாட்டேன் என்ற ஒப்பந்தங்களை, தடை செய்வது பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, தொழிலாளர் சட்டம் பயின்றவன் என்ற முறையில் விடையளிக்கிறேன்.

கேள்வி: நிறுவனங்கள் ரகசியம் காக்கலாம் என்றால் கட்சி மட்டும் ஏன் காக்கக் கூடாது?

பதில்: காக்கலாம். வாக்காளர் தரவு, தேர்தல் வியூகம், உள்கட்சிக் கருத்துக்கணிப்பு ஆகியவற்றைக் காக்கும் ஒப்பந்தத்தில் தவறில்லை. பாலியல் தொல்லை, பாகுபாடு, முறைகேடு ஆகியவற்றைப் பற்றிய புகாரை மூடி மறைப்பதற்காகப் பணம் கொடுத்து எழுதி வாங்கும் ஒப்பந்தத்தைத்தான் நான் எதிர்க்கிறேன். சட்டமியற்றும் அதிகாரத்தைக் கேட்டு மக்களிடம் வரும் ஓர் அமைப்பு, தன் அலுவலகத்துக்குள் நடந்ததை அந்த மக்களே அறியாதபடி செய்வதை ஏற்க முடியாது.

கேள்வி: உண்மையிலேயே இப்படி நடந்திருக்கிறதா?

பதில்: நடந்திருக்கிறது. 2019 ஜூலையில் பிபிசியின் பனோரமா நிகழ்ச்சியில், பிரிட்டன் தொழிற்கட்சியின் முன்னாள் ஊழியர்கள், கட்சிக்குள் யூத வெறுப்புப் புகார்கள் கையாளப்பட்ட விதத்தைப் பற்றிப் பேசினர். அவர்களுள் சிலர் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தவர்கள். அதை மீறியே அவர்கள் பேச வேண்டியிருந்தது. அவர்களுடைய நேர்மையைக் கட்சி அப்போது பழித்துரைத்தது. ஆனால் 2020 ஜூலையில் அதே கட்சி ஊழியர் எழுவரிடமும் அந்நிகழ்ச்சியைத் தயாரித்த செய்தியாளரிடமும் நீதிமன்றத்தில் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் வழங்கியது. அவ்வாண்டு அக்டோபரில் சமத்துவ, மனித உரிமை ஆணையம், கட்சி சட்டத்துக்குப் புறம்பாக நடந்துகொண்டதாக அறிக்கை வெளியிட்டது. ஒப்பந்தத்துக்கு அஞ்சி அந்த ஊழியர்கள் வாய் திறக்காமல் இருந்திருந்தால், அவர்கள் நேரில் கண்டவற்றை வாக்காளர்கள் அவர்கள் வாயிலாகக் கேட்டிருக்க முடியாது.

கேள்வி: முறைகேட்டை வெளிப்படுத்துவதைத் தடுக்கும் ஒப்பந்தம் பிரிட்டனில் ஏற்கெனவே செல்லாது அல்லவா? பிறகு தடை எதற்கு?

பதில்: 1996ஆம் ஆண்டு வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 43ஜே பிரிவு அவ்வாறுதான் கூறுகிறது. ஆயினும் எந்த வெளிப்படுத்தல் பாதுகாப்புக்கு உரியது என்பதைச் சட்டமே பல நிபந்தனைகளோடு வரையறுக்கிறது. தான் சொல்லப்போவது அந்த வரையறைக்குள் அடங்குமா என்பது சாதாரண ஊழியருக்குத் தெரியாது. வழக்கறிஞரிடமிருந்து ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தாலே அவர் அடங்கிவிடுவார். 2025 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற புதிய வேலைவாய்ப்பு உரிமைச் சட்டம், தொல்லையையும் பாகுபாட்டையும் பற்றிப் பேசவிடாமல் தடுக்கும் விதிகளைச் செல்லாதவையாக்க வழி செய்திருக்கிறது. இதை நான் மனமார வரவேற்கிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் டிரம்பின் பிரசாரக் குழு தொடர்பான வழக்கு என்ன ஆயிற்று?

பதில்: 2016 பிரசாரத்தில் பணியாற்றிய ஜெசிகா டென்சன், தாம் பாகுபாட்டுக்கும் தொல்லைக்கும் ஆளானதாக வழக்குத் தொடுத்தார். உடனே பிரசாரக் குழு, ஒப்பந்தத்தை மீறினார் என்று அவர்மீதே நடுவர் மன்றத்தில் நடவடிக்கை எடுத்தது. ஏறத்தாழ 50,000 டாலர் செலுத்துமாறு அவருக்கு உத்தரவு பிறந்தது, பின்னர் அது நீக்கப்பட்டது. 2021 மார்ச் 30 அன்று நியூயார்க் கூட்டாட்சி நீதிபதி பால் கார்டஃபி, அந்த ஒப்பந்தம் கால வரம்பற்றது, எவை ரகசியம் என்பதிலும் தெளிவற்றது என்று கூறி அதைச் செல்லாததாக்கினார். 2022இன் ‘ஸ்பீக் அவுட்’ சட்டமோ, பாலியல் தொல்லை தொடர்பான தகராறு எழுவதற்கு முன்னரே எழுதி வாங்கப்பட்ட ஒப்பந்தங்களை மட்டுமே தொடுகிறது. சமரசத்தின்போது போடப்படுபவை அதற்குள் வரமாட்டா.

கேள்வி: பாதிக்கப்பட்டவரே தம் பெயர் வெளிவர வேண்டாம் என்று விரும்பினால்?

பதில்: அவர் விருப்பமே முதன்மையானது. அயர்லாந்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு நல்ல வழிகாட்டி: ஊழியரே கேட்டால் மட்டும் ஒப்பந்தம் போடலாம், அவருக்குரிய சுதந்திரமான சட்ட ஆலோசனையின் செலவை முதலாளி ஏற்க வேண்டும், கையெழுத்திட்ட பின்னரும் 14 நாட்களுக்குள் அவர் விலகிக்கொள்ளலாம்.

கேள்வி: சம்பளமில்லாத தொண்டர்களுக்கு இச்சட்டங்கள் பொருந்துமா?

பதில்: பெரும்பாலும் பொருந்தா, நான் மிகவும் கவலைப்படுவதும் இதைப் பற்றித்தான். இவை முதலாளி, தொழிலாளி உறவைச் சுற்றி எழுதப்பட்டவை. கட்சிகளோ தெருத் தெருவாக வாக்குக் கேட்டுச் செல்லும் தொண்டர்களின் உழைப்பில் நடப்பவை. ஆகவே சட்டம் வரட்டும் என்று காத்திராமல், தொண்டர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் எதிராக இத்தகைய ஒப்பந்தத்தைக் கட்சி பயன்படுத்தாது என்ற விதியை ஒவ்வொரு கட்சியும் தன் மாநாட்டில் நிறைவேற்ற வேண்டும். முன்பு கையெழுத்திட்டவர்களையும் எழுத்து மூலமாக விடுவிக்க வேண்டும்.