நாற்பதாயிரம் கட்டி மேடை ஏற வேண்டுமா?

கேள்வி: கோவையில் நாங்கள் நான்கு பேர் மூன்று வருடமாக ராக் பேண்ட் நடத்துகிறோம். எட்டு சொந்தத் தமிழ்ப் பாட்டுகள் இருக்கின்றன. கல்லூரி விழாக்களிலும் ஒரு கஃபேயிலும் வாசித்திருக்கிறோம். வருகிறவர்கள் பெரும்பாலும் நண்பர்கள்தான். சென்னை கோஆர்டினேட்டர் ஒருவர், நாற்பதாயிரம் கட்டினால் பெரிய கச்சேரி ஒன்றில் முதல் இருபது நிமிடம் தருவதாகவும், பாட்டுகளைத் தன் லேபிளில் வெளியிடுவதாகவும் சொல்கிறார். ஒப்பந்த நகலை இணைத்திருக்கிறோம். கையெழுத்துப் போடலாமா? உள்ளூரிலேயே இருந்தால் ரசிகர்கள் சேர்வார்களா?

பதில்: போடாதீர்கள். நாற்பதாயிரம் போனால்கூட சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த நகலின் மூன்றாவது பத்தியைப் பாருங்கள். பாடல்களும் ஒலிப்பதிவுகளும் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ லேபிளுக்கே சொந்தம் என்று இருக்கிறது. அவர் இதைத் தெரியாமல் எழுதவில்லை. உரிமையை மாற்றிக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் காலம் சொல்லப்படவில்லை என்றால் ஐந்து வருடம், இடம் சொல்லப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றுதான் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எடுத்துக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஒரு வருடம் பயன்படுத்தாமல் கிடப்பில் போட்டால் அது காலாவதியாகும் என்றும் அதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் இவை எதுவும் உதவாது. உங்களவர் மூன்றையும் வேறு மாதிரிதான் எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. பாட்டு வேறு, ஒலிப்பதிவு வேறு. பாட்டு, எழுதியவருக்கும் மெட்டமைத்தவருக்கும் சொந்தம். ஒலிப்பதிவு, அதை முன்னின்று பொறுப்பெடுத்துச் செய்து முடித்த தயாரிப்பாளருக்குச் சொந்தம். ‘ஸ்டுடியோ செலவை நான் பார்த்துக்கொள்கிறேன் தம்பி’ என்று ஒருவர் அன்பாகச் சொல்வதற்கு இதுதான் காரணம். இனிமேல் ஸ்டுடியோ பில் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும், இரண்டு பாட்டு மட்டும் பதிய முடிந்தாலும் பரவாயில்லை. பாட்டுக்கான ராயல்டியில் சரிபாதியை நீங்களே விட்டுக்கொடுத்தாலும் செல்லாது என்று 2012 திருத்தம் சொல்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதை வாங்க வழக்குப் போட்டு, வாய்தாவுக்கு வாய்தா அலைந்த பிறகு பேண்டில் நான்கு பேர் மிச்சமிருப்பார்களா?

லேபிள் என்று இவர் சொல்வது ஒரு யூடியூப் சேனல். அவ்வளவுதான். ஆனால் எந்த ஒலிப்பதிவு யாருடையது என்று தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற ஏற்பாட்டில் உங்கள் ஒலிப்பதிவு அவர் பெயரில் ஏறிவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அதே பாட்டை நாளை உங்கள் சேனலில் போட்டால், அது இன்னாருக்குச் சொந்தம் என்று உங்களுக்கே அறிவிப்பு வரும். விளம்பரக் காசு அவருக்குப் போகும். ஆட்சேபம் தெரிவித்தால் அது விசாரணைக்குப் போவது அவரிடமேதான்! பதில் சொல்ல அவருக்கு 30 நாள் அவகாசம். களவு கொடுத்தவன் திருடனிடமே மனுக் கொடுக்கிற ஏற்பாடு இது.

வெளியீட்டுக்கு இவர் எதற்கு? டிஸ்ட்ரோகிட், டியூன்கோர் போன்ற விநியோக நிறுவனங்களில் கட்டணம் கட்டி நீங்களே ஏற்றலாம், உரிமை உங்களிடமே இருக்கும். அதில் காசு கொட்டும் என்று நினைக்க வேண்டாம். கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் முறையாவது கேட்கப்படாத பாட்டுக்கு ஸ்பாட்டிஃபை ஒரு பைசாவும் தருவதில்லை. 2024 முதல் இதுதான் கதை. உங்களுக்கு அதில் பயன்படுவது, எந்த ஊரிலிருந்து கேட்கிறார்கள் என்ற பட்டியல். கோவை முதலிடத்தில் இல்லை என்றால் சென்னை மேடையைப் பற்றி இப்போது பேசவே வேண்டாம்.

இனி ஊர் விஷயம். உள்ளூரிலேயே வளர முடியுமா என்றால், வேறு எங்கே முதலில் வளர்வீர்கள்? 1996இல் பெங்களூரில் தொடங்கிய தெர்மல் அண்ட் எ குவார்ட்டர் என்ற ராக் பேண்ட், அந்த ஊர் வாழ்க்கையையே பாடி, அங்கேதான் முதலில் ஆள் சேர்த்தது. கோவையில் உங்களுக்கு வேறொரு சிக்கல். கேட்பவர்களில் பாதிப் பேர் கல்லூரி விடுதிப் பிள்ளைகள். மே மாதம் வந்தால் இறுதியாண்டுக் கூட்டம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடும். ஜூலையில் நீங்கள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பீர்கள். கல்லூரி விழாக்களையே நம்பியிருக்கும் பேண்டுகள் தேய்வது இதனால்தான். ஊரிலேயே இருக்கப்போகிறவர்களைப் பிடியுங்கள்: ஆர்.எஸ்.புரத்தில் கடை வைத்திருப்பவர், சரவணம்பட்டி ஐ.டி. வேலைக்காரர், பீளமேட்டு மில் வீட்டுப் பையன்.

மாதம் ஒரு நாள், அதே இடம், அதே நேரம். இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணி என்றால் யாரும் விளம்பரம் பார்க்காமலே ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். எழுபது பேர் நெருக்கியடித்து உட்காரும் அறை போதும். முந்நூறு நாற்காலி மண்டபத்தில் அதே எழுபது பேர் உட்கார்ந்தால் தோற்ற மாதிரித் தெரியும். நுழைவுக் கட்டணம் நூறு ரூபாயாவது வையுங்கள், நண்பர்களுக்கும் சேர்த்துத்தான். ஓசியில் வருகிறவன் பாதியில் எழுந்து போவான். வாசலில் ஒரு க்யூஆர் அட்டை ஒட்டி, வாட்ஸப் எண்களைச் சேர்த்துக்கொண்டே வாருங்கள். அந்த எண்கள்தான் உங்கள் சொத்து. இன்ஸ்டாகிராம் பின்தொடர்வோர் கணக்கை நம்பி நாற்காலி போடாதீர்கள்.

சிறிய அறையில் டிரம்ஸ்தான் எல்லாவற்றையும் விழுங்கும். டிரம்மரிடம் சாதாரணக் குச்சியை விட்டுவிட்டு, மெல்லிய குச்சிகளைக் கட்டாகக் கட்டிய, சத்தம் குறைந்த ராட்ஸ் எடுக்கச் சொல்லுங்கள், கிட்டாரை ஆம்ப் (ஒலிபெருக்கிப் பெட்டி) இல்லாமல் எஃபெக்ட் பெடலிலிருந்து நேராக மிக்சருக்குக் கொடுங்கள். பாட்டு வரிகள் காதில் விழுந்தால்தான் இரண்டாம் மாதம் கூடவே பாடுவார்கள்.

திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூல அனுமதி வேண்டும், இரவு பத்துக்கு மேல் கூடாது. மெல்லிசைக் கச்சேரிக்குத் தெருவையே அடைத்து மேடை போட விடுகிற ஊரில், நான்கு பேர் கிட்டாரோடு அனுமதி கேட்டுப் போய் நின்றால் மேசைக்கு மேசை அனுப்பி ‘இது என்ன மாதிரி நிகழ்ச்சி?’ என்று கேட்பார்கள். உங்களுக்கு உள்ளரங்கமே போதும்.

இங்கே கஃபேக்காரர் ஐ.பி.ஆர்.எஸ். உரிமம் பற்றிக் கேட்கலாம். பாடலாசிரியர்கள், இசையமைப்பாளர்கள் சார்பில் கட்டணம் வசூலிக்கும் சங்கம் அது, 1969இல் தொடங்கியது. சினிமாப் பாட்டு வாசித்தால் அந்தக் கட்டணம் வரும். அதை நடத்துபவர் கட்ட வேண்டும், வாசிப்பவர் அல்ல. யாரிடமும் எழுதிக் கொடுக்காத சொந்தப் பாட்டு மட்டும் வாசித்தால் கட்டணம் இல்லை. ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு, பலர் இதில்தான் குழம்புகிறார்கள். உங்களில் பாட்டு எழுதுபவர் அந்தச் சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்திருந்தால், மேடையில் பாடவைக்கும் உரிமையைச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பார். அப்போது அவர் பாட்டை அவரே பாடினாலும் நடத்துபவர் சங்கத்துக்குக் கட்ட வேண்டிவரும். அந்தப் பணத்தில் அவர் பங்கு பிறகு திரும்பி வரும், அன்று என்னென்ன பாட்டு வாசித்தீர்கள் என்ற பட்டியல் சங்கத்துக்குப் போயிருந்தால்தான். நால்வரில் ஒருவர் மட்டும் உறுப்பினர் என்றால், அவர் கைபட்ட பாட்டுகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு. சேர வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதாந்திரக் கச்சேரி நடத்தும் கஃபேக்காரரிடம் முன்பே சொல்லிவிட்டுச் சேருங்கள்.

கோஆர்டினேட்டருக்கு இப்படிப் பதில் எழுதுங்கள்: ‘பணம் கட்டமாட்டோம், உரிமை தரமாட்டோம், மேடை தந்தால் வாசிக்கிறோம், எங்கள் மூலம் விற்கும் டிக்கெட்டில் பங்கு வேண்டும்.’ ஒழுங்கானவர் என்றால் பேரம் பேசுவார். மற்றவர்கள் ‘இந்த வாய்ப்பு இனி வராது, நாளைக்குள் சொல்லுங்கள்’ என்பார்கள்.

முன்பணம் ஏதாவது ஏற்கெனவே அனுப்பியிருந்தால், பணம் போன விவரத்தையும் வாட்ஸப் உரையாடலையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, திருப்பித் தரச்சொல்லி இன்றே எழுத்தில் கேளுங்கள். போனில் வேண்டாம்.