ஞாயித்துக்கிழமை வரைக்கும் சீட்டு காத்திருக்காது அக்கா

அக்கா, பாப்பாவுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சீட்டு அலாட்மென்ட் வந்திருச்சுன்னு கேட்டு சந்தோஷம், ஆனா "அவரு திருப்பூர்ல இருந்து ஞாயித்துக்கிழமை வரட்டும், உக்காந்து பேசிக்கலாம்"னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு பக்குனு ஆயிடுச்சு. வந்த அலாட்மென்ட்ட கன்பர்ம் பண்ண 2 நாள்தான் டைம், உங்களுக்கு நாளைக்கு சாயந்தரத்தோட முடியுது. அதுக்குள்ள பண்ணலன்னா கேன்சல்.

பணத்துக்குத்தான் அண்ணன எதிர்பாக்கறீங்கன்னா அது வேண்டியதே இல்ல, பாப்பா 6லருந்து 12 வரைக்கும் கவர்மென்ட் ஸ்கூல், சீட்டும் கவர்மென்ட் ஸ்கூல் பசங்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்தது, பீஸ் ஹாஸ்டல் எல்லாம் அரசாங்கம் கட்டிரும்.

இதவிட நல்ல காலேஜ் வந்தா என்ன பண்றதுங்கறது தான் உங்க பயம். சரி, நாம கவுன்சிலிங்ல வரிசையா போட்டு குடுத்த காலேஜ் லிஸ்ட்ட எடுத்து பாருங்க, இப்ப வந்திருக்கறது 11வது சாய்ஸ், கோயம்புத்தூர் ஜிசிடிய, அதான் கவர்மென்ட் காலேஜ் ஆஃப் டெக்னாலஜிய, 3வதா போட்டிருக்கோம். 'அக்செப்ட் அண்ட் அப்வேர்ட்' குடுத்தா இந்த சீட்டு கைல இருக்கும், மேல இருக்கற 10ல ஏதாவது காலியானா அதுக்கு போலாம், ஒன்னும் வரலன்னா இதுவே நமக்கு. ஆனா மேல ஏறிட்டா பழசு போயிடும், திருப்பி கேக்க முடியாது, அதனால மேல இருக்கற பத்துமே பாப்பாவுக்கு பிடிச்சதுதானான்னு இன்னிக்கு நைட்டே கேட்டுருங்க. லிஸ்ட்லயே இல்லாத காலேஜ் எத்தன நாள் காத்திருந்தாலும் வராது. 'டிக்ளைன் அண்ட் அப்வேர்ட்'னு ஒன்னு இருக்கும், பக்கத்து வீட்டு பையன் சொன்னான்னு அத மட்டும் அமுக்கிராதீங்க, அது கைல இருக்கற சீட்ட விட்டுட்டு மேல பாக்கறது, நம்ம நெலமைக்கு அது ஆகாது.

தேயில கொழுந்து எடுக்கற நாள் தள்ளிப்போனா முத்திடும், பேக்டரில மூஞ்சிய சுளிப்பாங்கன்னு எனக்கே நீங்கதான சொன்னீங்க.

இன்னொன்னு, ஜூலை மழை, நம்ம கூடலூர் பக்கம் ஒரு மரம் விழுந்தா கரன்ட் போயிடும், டவரும் போயிடும். நாளைக்கு சாயந்தரம்னு வெச்சுக்காம காலைலயே பண்ணிருங்க. கவுன்சிலிங் பாஸ்வேர்டு அண்ணன்கிட்ட தான இருக்கு? இப்பவே போன் போட்டு வாங்கி பேப்பர்ல எழுதி வைங்க, முடிஞ்சதும் ஸ்கிரீன்ஷாட் எனக்கு அனுப்புங்க, நான் முழிச்சுதான் இருப்பேன்.